சுளிப்புமானி

சுளிப்புமானியைச் செய்தவள் நான்தான். ஊரில் அதற்கு மூஞ்சிமானி என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான் என்றாலும் நான் வைத்ததைவிடப் பொருத்தமாக இருக்கிறது. இப்போதெல்லாம் யாராவது அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

புதுத்துறையில் உப்புக் கிடங்கு எரிந்து, பூட்டிய கதவுக்குப் பின்னால் பதினொரு பேர் செத்த பிறகுதான் அரசாங்கத்துக்கு இனவெறி என்ற சொல்லே நினைவுக்கு வந்தது. செத்தவர்கள் அத்தனை பேரும் தீவுக்காரர்கள். வங்கக் கரையில் கடல் விழுங்கிய தீவுகளிலிருந்து அவர்களுடைய அப்பா அம்மா காலத்தில் கப்பலேறி வந்தவர்கள். பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம்மைப் போலவே சாளை மீன் விலைக்குப் பேரம் பேசுகிறவர்கள். இருந்தாலும் ஊர் வாயில் அவர்கள் 'வெள்ளத்தான்'தான். வெள்ளத்தில் வந்தவன் என்று பொருள். வாடகைக்கு வீடு கேட்டு வந்தால், "வீட்டுக்காரர் ஊர்ல இல்ல" என்று ஜன்னலிலிருந்து குரல் வரும். வீட்டுக்காரர் உள்ளே கால்மேல் கால் போட்டு டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

கிடங்கு வழக்கில் ஒருவரும் பிடிபடவில்லை. நியாயம் கேட்டுக் கூட்டம் தெருவுக்கு வந்தது. உடனே, இனவெறியை விசாரிக்க யாருக்கும் கட்டுப்படாத ஒரு ஆணையம் அமைக்கிறோம் என்று அறிவித்தார்கள். அது எப்படி இருக்க வேண்டும் என்று திட்டமிட மூன்று பேர் கொண்ட குழு. தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி அருமைநாயகம். தீவு மக்கள் சார்பில் ஷெஃபாலி மண்டல், அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டு நர்ஸ். தொழில்நுட்பத்துக்கு நான், பொற்கொடி. பழைய சுங்க அலுவலக மாடியில் ஒரு அறை தந்தார்கள். விசிறி சுற்றும், காற்று வராது.

ஆணையத்துக்கு என்ன பெயர் என்பதிலேயே பல நாள் போயிற்று. அப்புறம் யார் நியமிப்பது என்ற சண்டை. முதல்வர் நியமித்தால் அது அவர் ஆள். எதிர்க்கட்சியையும் சேர்த்துக்கொண்டால் ஆளுக்குப் பாதி. நீதிபதிகளே நியமித்தால் என்ன என்று நான் கேட்டதற்கு நீதிபதியே சிரித்துவிட்டார்.

"யார் நியமிச்சா என்னம்மா? வந்து உக்காருதவன் மனசுக்குள்ள என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியும்?" என்றார்.

அந்தக் கேள்விக்குத்தான் என் மானி உள்ளே வந்தது. மூக்குக்கண்ணாடி மாதிரி ஒன்று, ஒரு திரை, அவ்வளவுதான்.

"ஒரு முகத்தைப் பாத்ததும், சிரிக்கலாமா வேண்டாமான்னு நாம யோசிக்கிறதுக்கு முன்னாடியே கன்னமும் இமையும் ஒரு முடிவுக்கு வந்துடும் ஐயா. கண்ணுக்குத் தெரியாத சுளிப்பு. இந்தக் கண்ணாடி அதைப் பிடிச்சிடும்" என்று விளக்கினேன்.

"அப்போ மனசைப் படிச்சிருமோ?"

"மனசு இல்ல, தசை. மனசு பொய் சொல்லும். தசைக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது."

ஷெஃபாலி சிஸ்டர் கண்ணாடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊசியோட நான் கிட்டப் போனாலும் கன்னம் இப்படித்தான் துடிக்கும் மேடம். அது வெறுப்பா?"

"பயத்தை எல்லாம் கணக்குல கழிச்சிடலாம் சிஸ்டர்" என்றேன். கழிக்கவில்லை. எப்படிக் கழிப்பது என்று எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை.

ஆக, எந்த இனத்தாரின் முகத்துக்கும் சுளிக்காதவரே ஆணையத்தில் உட்காரலாம் என்று வரைவில் ஒரு விதி ஏறியது. செயலகத்தில் மற்ற எல்லா விதிக்கும் முகம் சுளித்தவர்கள் இதற்கு மட்டும் சபாஷ் போட்டார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மானிக்கு முகங்கள் வேண்டும். நேராகப் பார்க்கிற, நல்ல வெளிச்சத்தில் எடுத்த, எல்லா வயதுக்காரரும் இருக்கிற படங்கள். தெருவில் போகிறவர்களிடம் அனுமதி கேட்டால் ஓட்டம் பிடிக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அப்படிப்பட்ட படங்கள் என் வீட்டு அலமாரியிலேயே இருந்தன. என் கல்யாண வரவேற்பு ஆல்பம். பாதி ஊர் மேடையேறி, என் பக்கத்தில் நின்று, கேமராவைப் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போயிருந்தது. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் சேர்மத்துரை முன்னால் நின்று நடத்திய கல்யாணம் அது. லாரி வைத்துத் தொழில் செய்கிறவர், யாரையும் விட்டுவிடாமல் அழைத்திருந்தார். மானிக்காகப் படம் வேண்டும் என்றதும் அவரே சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ச் சம்மதம் வாங்கித் தந்தார். தீவு முகங்களுக்கு சிஸ்டர் அவர்களுடைய பூஜைக் கூட்டத்தில் எடுத்த படங்களைக் கொடுத்தார்.

நீதிபதி ஒருநாள் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "தமிழ் முகம்னு போட்டிருக்க. இதுல இருக்கது பூராவும் உங்க ஆளுங்கல்லா?"

சிரித்துச் சமாளித்தேன். ஊரே வந்த கல்யாணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

முதலில் வீட்டில்தான் சோதித்துப் பார்த்தேன். தீவு முகங்கள் ஓடும்போது என் மாமியாருக்குக் கோடு மேலும் கீழும் குதித்தது. என் கணவருக்குக் கொஞ்சம். எனக்கும் கொஞ்சம் இருந்தது, ஆனால் தகுதி வரம்புக்குள்தான். அண்ணனுக்கு மட்டும் கோடு குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. "எனக்கு யாரு மேலயும் வெறுப்பு கெடையாது தாயி" என்று கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். இந்த ஊரில் இப்படியும் ஒரு மனுஷர் என்று நீதிபதியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

வரைவு சென்னைக்குப் போக வேண்டிய வாரம் வந்தது. முதல் உறுப்பினர் பெயரும் கூடவே போக வேண்டும். அது ஷெஃபாலி சிஸ்டர்தான் என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. அவர் உள்ளே இல்லாவிட்டால் தீவுக்காரர் ஒருவரும் அந்தப் படியேற மாட்டார்கள். சம்பிரதாயத்துக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். தீவு முகங்களுக்குக் கோடு சும்மா இருந்தது. தமிழ் முகங்கள் முடிந்ததும் திரை சிவப்பானது. தகுதி இல்லை. காரணம், தமிழர் மீது ஒவ்வாமை.

நீதிபதி தொண்டையைக் கனைத்தார். "சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஆளுங்க மேல உங்களுக்குக் கோவம் இருக்கா?"

"இருக்கு. இல்லாம இருக்குமா ஐயா? எந்தம்பி அந்தக் கிடங்குக்குள்ளதான கெடந்தான்." குரல் உயரவில்லை. கண்ணாடியின் காதுக் கம்பியை மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். "புகையப் பாத்துட்டு வார்டுலருந்து ஓடிப் போனேன். நல்ல மத்தியானம். கதவுகிட்ட ஒருத்தர் நின்னாரு. துண்டால மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தாரு. தொறங்கன்னு கால்ல விழுந்தேன். 'சாவி இல்லம்மா'ன்னாரு. போலீஸ்ல எத்தனையோ படம் காட்டுனாங்க. எதைன்னு சொல்ல? கண்ண மட்டுந்தான பாத்தேன்."

கண்ணாடியை மடக்கி மேசையில் வைத்தார்.

"ஆனா மேடம், இந்த ஊர்ல பொறக்குத பிள்ளைய முதல்ல தூக்குதது என் கை. வேற நர்சு இல்லையான்னு கேக்குதவ பிள்ளையவும் நாந்தான் தூக்குதேன். தமிழ் மூஞ்சி எனக்கு ஆகாதுன்னா, நான் தெனம் அங்க என்ன செஞ்சிட்டிருக்கேன்? அத உங்க மிஷின்ட்ட கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். அவர்கள் போன பிறகு சிஸ்டருடைய கோட்டை முகம் முகமாகப் பிரித்துப் பார்த்தேன். பெரியவர்கள், பெண்கள், பிள்ளைகள், மீசைக்காரர்கள், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கோடு செங்குத்தாக எழும்பி நின்றது. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுப்பது மானியின் வழக்கம். அந்த ஒரு முகம் மற்ற அத்தனை முகத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போயிருந்தது. அதை நீக்கிப் பார்த்தேன். என்னைவிடக் குறைவாக வந்தது.

சந்தோஷத்தில் நீதிபதிக்கு போன் போட்டேன். "ஒரே ஒரு படம்தான் ஐயா. எடுத்துட்டா சிஸ்டர் பாஸ்."

"அப்ப எடுத்துரும்மா. இதுக்கென்ன யோசனை?"

எடுக்கும் முன் யார் அது என்று பார்த்துவிடலாமே என்றுதான் பெரிதாக்கினேன். மேடை. பட்டுப்புடவையில் நான். என் தலையில் ஒரு கையை வைத்து, தோளில் சரிகைத் துண்டோடு சிரித்துக்கொண்டிருந்தார் அண்ணன்.

கிடங்கு எரிந்த அன்றைக்கு அவர் லாரி பார்க்கக் கோவில்பட்டி போயிருந்தார் என்றுதான் எங்கள் எல்லாருக்கும் தெரியும். வேறு யாரையோ நினைத்து அந்த அம்மா பயந்திருக்கலாம், மானியில் பழுது இருக்கலாம், யாருக்குத்தான் அண்ணன் மாதிரிக் கண் இல்லை என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிப் பார்த்தேன். உட்கார முடியவில்லை. சாப்பிடவும் முடியவில்லை. குழந்தையை இரண்டு முறை காரணமில்லாமல் அதட்டினேன்.

மறுநாள் மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட உட்கார்ந்திருந்தார். அண்ணி எனக்கும் தட்டு வைத்துவிட்டு, மருமகளைப் பார்க்க உள்ளே போனார்.

"அண்ணே, கிடங்கு எரிஞ்ச அன்னைக்கு நீங்க அங்க நின்னீங்களா?"

பிசைந்த கை நிற்கவில்லை. "எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லல. மிஷின்." சிஸ்டருக்கு அவர் படத்தில் மட்டும் கோடு எழும்பியதையும், அதை எடுத்தால் சிஸ்டர் தேறிவிடுவார் என்பதையும் சொன்னேன்.

ஒரு கவளம் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். "நான் தீ வைக்கல கொடி. பூட்டவும் இல்ல. ராத்திரி வேல பாத்துட்டு உறங்குதவனுவள சூப்பர்வைசர் வெளிய பூட்டிட்டுப் போறது எப்பவும் உள்ள பழக்கம். சாமான் திருடு போவுதுன்னு. சரக்கு ஏத்துதவன்ட்ட ஒரு சாவி இருக்கும். என்ட்ட இருந்துச்சு. அவ்வளவுதான்."

"திறந்திருக்கலாமே."

"முந்தின நாள்தான் கூலி காணாது, கூட்டிக் குடுன்னு கத்திட்டுக் கெடந்தானுவ. வெளிய விட்டா லாரியக் கொளுத்திருவானுவன்னு நெனச்சேன். இந்தா, தீயணைப்பு வண்டி வந்துரும்னு நெனச்சேன். வரல." என் தட்டில் ஒரு மீன் துண்டை வைத்தார். "வெறுப்பு கிறுப்பு ஒண்ணும் கெடையாது. உன் மிஷினே சொல்லிச்சுல்லா?"

பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சொன்னது உண்மை. அவருக்கு அவர்கள் மேல் வெறுப்பு இல்லை. அவர் கணக்கில் அவர்கள் ஆட்களே இல்லை, அதனால் சுளிக்கவும் ஒன்றுமில்லை. அதைத்தான் நான் தகுதி என்று அச்சடித்துக் கொடுத்திருந்தேன்.

"என் படத்த எடுத்துட்டா அந்த நர்சம்மாவுக்குப் பதவி கெடைக்கும். அப்படித்தான?" என்றார். "எடுத்துரு. அவளுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. யாருக்கு நட்டம்?"

மீனைத் தொடாமல் எழுந்து கை கழுவினேன்.

நேராக நீதிபதி வீட்டுக்குப் போனேன். முழுவதையும் கேட்டதும் அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சுளிப்பு சாட்சி ஆகாதும்மா. எந்தக் கோர்ட்டும் ஏத்துக்காது. உங்க அண்ணன் வாயால சொன்னத நீ சொன்னா, அது சாட்சி. ஆனா ஒண்ணு. நீ சொல்லிட்டா சிஸ்டர் புகார்தாரர் ஆயிருவாங்க. புகார்தாரர் நாற்காலில உக்கார முடியாது."

"சொல்லாட்டா?"

"உக்காரலாம். நல்லாவே உக்காருவாங்க. எத்தனையோ பேருக்கு நல்லது செய்வாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தன் செஞ்சத அவன் இனத்து மொத்தத் தலையிலயும் எழுதுறதுக்குப் பேரு என்னம்மா? அத ஒழிக்கத்தான இம்புட்டு நாளா உக்காந்து பேசுனோம். உன் மிஷின் அதையேதான் செஞ்சிருக்கு. கூட்டி, வகுத்து, அழகா."

எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னாலேயே அழுதேன். அண்ணன் தோளில் உட்கார்ந்துதான் நான் இந்த ஊரின் திருவிழா எல்லாம் பார்த்தேன். என் படிப்பு, என் கல்யாணம், இந்த மானிக்கு வாங்கிய முதல் கேமரா, எல்லாவற்றிலும் அவர் உழைப்பு இருக்கிறது. அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு நான் எந்த வீட்டுக்குப் போவேன்? சொல்லாமல் விட்டால் அதுவும் நல்லதில் முடியும், அதுதான் வேதனை. ஒரு பொய்யால் யாருக்குமே கெடுதல் இல்லாதபோது அதை வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசியில் நான் முடிவெடுக்கவில்லை. முடிவு எடுக்க வேண்டியவர் வேறொருவர் என்று மட்டும் புரிந்தது.

பிரசவ வார்டு வாசலில் சிஸ்டரைப் பிடித்தேன். போனில் படத்தைக் காட்டினேன். முதலில் சாதாரணமாகத்தான் பார்த்தார். அப்புறம் தன் உள்ளங்கையைத் திரையில் வைத்து, அண்ணனின் மூக்கையும் வாயையும் மறைத்தார். கை அங்கேயே நின்றுவிட்டது.

"எங்க அண்ணன்" என்றேன். "நேத்து கேட்டேன். ஒத்துக்கிட்டார். சாவி அவர்கிட்டதான் இருந்திருக்கு."

"இவரைத் தெரியும்" என்றார் மெதுவாக. "போன ஐப்பசில இவரு பேரன இவரு கையில நாந்தான குடுத்தேன். என் கை நடுங்குச்சு. டபுள் டூட்டி பாத்த அசதின்னு நெனச்சுக்கிட்டேன்."

உள்ளே யாரோ வலியில் கத்தினார்கள். சிஸ்டர் திரும்பிப் பார்த்து, இன்னும் நேரமிருக்கிறது என்பதுபோல் நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை எடுத்தால் பதவி, எடுக்காவிட்டால் வழக்கு, இரண்டும் சேர்ந்து கிடையாது என்று.

"நீங்க உள்ள இருந்தா எத்தனையோ பேருக்கு உதவலாம் சிஸ்டர். ஐயாவும் அப்படித்தான் நினைக்கிறார்."

"எந்தம்பிக்கு?"

திரையிலிருந்து கையை எடுத்தார்.

"நாற்காலில வேற யாராச்சும் உக்காரட்டும் மேடம். அதுக்கு முன்னால நின்னு கேக்குததுக்கு ஒரு ஆளு வேணும்லா? அது நானா இருந்துட்டுப் போறேன்."

"ஆணையமே இன்னும் பிறக்கல."

"பொறக்கட்டும். காத்துக்கெடக்குததுதான என் வேல."

படத்தை நான் எடுக்கவில்லை. மானி விதியை வரைவிலிருந்து அடித்துவிட்டு, ஏன் அடித்தோம் என்றும் எழுதி அனுப்பினோம். சென்னையில் எங்கள் வரைவைப் பிரித்து மேய்ந்தார்கள். ஆணையத்துக்கென்று தனி நிதி வேண்டும் என்றிருந்தோம், போயிற்று. நியமனத்தில் அமைச்சர் தலையிடக் கூடாது என்றிருந்தோம், அதுவும் போயிற்று. நாங்கள் அடித்த விதியை மட்டும் மறுபடி சேர்த்திருந்தார்கள். போதாதென்று, சாட்சி சொல்ல வருகிறவரும் மானியில் உட்கார்ந்து தேற வேண்டும் என்று ஒரு வரி கூட்டியிருந்தார்கள். ஒரு இனத்தின் மேல் காழ்ப்புள்ளவர் சாட்சியை எப்படி நம்புவது என்பது அவர்கள் வாதம். நீதிபதி அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஆணையம் அதே சுங்க அலுவலகத்தில் திறக்கப்பட்டது. முதல் புகார், ஷெஃபாலி மண்டல். முதல் சாட்சி, நான். அண்ணன் பேச்சை நிறுத்தி எத்தனையோ நாளாயிற்று. அண்ணி ஒரே ஒரு முறை போன் செய்து, "உனக்கு நாங்க என்ன கொற வச்சோம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். என் கணவர் மட்டும் என்னோடு வாசல்வரை வந்தார்.

விசாரணைக்கு முன் ஒரு அலுவலர் எனக்குக் கண்ணாடி மாட்டினார். நான் செய்த கண்ணாடி, நான் தேர்ந்த படங்கள். தீவு முகங்கள் ஓடின. பிறகு என் கல்யாண மேடை. சித்தப்பா, அத்தைகள், பள்ளித் தோழிகள், பந்தி பரிமாறிய பையன்கள், எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள். என் தலையில் ஒரு கை வந்து அமர்ந்த படம் வந்தபோது, கன்னத்தில் ஏதோ இழுத்தது எனக்கே தெரிந்தது.

திரை சிவப்பானது. அலுவலர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார்.

"தமிழர் மீது ஒவ்வாமைன்னு வருது மேடம். இப்படி வந்தா உங்க சாட்சிய எடுக்க மாட்டாங்க." கோட்டை உற்றுப் பார்த்தார். வேலை தெரிந்தவர்தான். "ஒரே ஒரு படத்துலதான் எகிறுது. அத மட்டும் எடுத்துட்டு இன்னொரு தடவ வச்சுப் பாப்போமா? யாருக்கும் தெரியாது."

"எடுக்காதீங்க" என்றேன். "அவரைப் பத்தித்தான் நான் சாட்சி சொல்ல வந்திருக்கேன். என் சாட்சிய எடுக்க மாட்டோம்னா, இந்தப் படத்துக்கு ஏன் சுளிச்சேன்னு அவங்களையே எழுத்துல கேக்கச் சொல்லுங்க."

அவர் என்ன எழுதுவது என்று தெரியாமல் உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. நான் வெளியே வந்தேன். புகார்தாரர்களுக்கென்று போட்ட பெஞ்சில் ஷெஃபாலி சிஸ்டர் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். டூட்டியிலிருந்து அப்படியே வந்திருக்கிறார்.

"பாசா?" என்று கேட்டார்.

"இல்ல."

கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.